சீன முதலாளி சொன்ன ‘டா பங் தவ்’

சாவு நடந்த மையத்து வீட்டில் பெண்கள் குர்ஆனின் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரோரம் பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். எட்டு மாத வயிறு, காலை மடக்க முடியாது. என் வலப்பக்கத்தில் யாரோ வந்து அமர்ந்தார்கள். மருதாணி வாசனை வந்தது. அதற்கு அடியில், எத்தனை முறை கழுவினாலும் போகாத கடலட்டை வாசனையும் வந்தது. திரும்பிப் பார்க்காமலே மரியம் மைனி என்று தெரிந்துகொண்டேன்.

மரியம் மைனி என் நானாவின் மனைவி. அண்ணனை எங்கள் பக்கத்தில் நானா என்போம், அண்ணன் மனைவியை மைனி என்போம். மைனியும் நானும் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேசவில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. பேசக்கூடாது என்று அவருக்கு அவர் கணவரும் எனக்கு என் கணவரும் உத்தரவிட்டிருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்த இரண்டு ஆண்களுக்கும் ஒற்றுமை இருந்தது.

மைனியின் கை மெல்ல என் துப்பட்டிக்குள் நுழைந்து என் விரல்களைப் பிடித்தது. முகத்தில் ஓர் அசைவும் இல்லை. உதடுகள் யாசீனை விடவில்லை.

அந்தக் கை என்ன சொன்னது என்பதற்கு முன்னால் கடலட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். போன கிழமை இந்தப் பத்தியில் கற்பிட்டிக் கழுதைகளைப் பற்றி எழுதியிருந்தேன். “கழுதை இருக்கிறது, கதை எங்கே?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்தக் கிழமை கதை இருக்கிறது. அட்டையும் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் தின்னாத பண்டம்

எங்கள் வாப்பா கற்பிட்டிக் கடற்கரையில் அட்டை வாடி, அதாவது அட்டையைப் பதப்படுத்தும் கொட்டகை, வைத்திருந்தார். வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம், இரண்டாம் யுத்தம் இன்னும் வரவில்லை. முக்குளிக்கிறவர்கள் கொண்டுவரும் அட்டையைக் கீறிக் குடலை எடுத்து, கிடாரத்தில் அவித்து, ஈர மணலில் புதைத்து வைப்பார்கள். பிறகு தோண்டியெடுத்துத் தோலிலுள்ள சுண்ணாம்பைத் தேய்த்துப் போக்கி, மறுபடி அவித்துக் காயப்போடுவார்கள். முழங்கை நீளத்தில் கரைக்கு வந்தது கடைசியில் பாதி எரிந்த விறகுக் கட்டை மாதிரி ஆகிவிடும். அப்போதுதான் அதற்கு விலை.

ஊரில் ஒருவரும் அதை வாயில் வைத்ததில்லை. ஒருமுறை உம்மாவிடம் காரணம் கேட்டேன். “அல்லா அத சீனாக்காரருக்குப் படைச்சான். சீனாக்காரர நமக்குப் படைச்சான். நீ சோத்தத் தின்னு” என்றார்.

உம்மா சொன்ன அந்தச் சீனாக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை, காற்று அடங்கிய மாதங்களில் வருவார். கொழும்பிலிருந்து புத்தளம், புத்தளத்திலிருந்து வள்ளத்தில் களப்பைக் கடந்து கற்பிட்டி. வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் குடை. பெயர் ஆகுவான். ஊருக்கு அவர் சீன முதலாளி.

சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு வரும் சீனர்களையும் நாங்கள் அறிவோம். அவர்களோடு தன்னைச் சேர்த்துப் பேசினால் சீன முதலாளிக்குப் பிடிக்காது. அவர்கள் பேசுவது வேறு பாஷை, தான் பேசுவது கன்டன் பாஷை என்பார். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அது அவருக்கு நிரந்தரமான மனவருத்தம். எங்களோடு சிங்களத்தையும் தமிழையும் கலந்து பேசுவார். அவருடைய பாஷையில் ஒரு சொல்கூடத் தெரியாத நாங்கள் அதைக் கேட்டுச் சிரிப்போம்.

சால்வைக்குள் கை

அட்டைக்கு வாயால் விலை பேசுவதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கைகளின் மேல் ஒரு சால்வையைப் போட்டுக்கொள்வார்கள். சால்வைக்குள் விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். ஒரு விரல் என்றால் ஒன்று, முழுக்கை என்றால் ஐந்து. அழுத்தினால் சம்மதம், உதறினால் இல்லை. சுற்றிவர ஊரே நின்று பார்த்தாலும் ஒருவருக்கும் விலை தெரியாது. வாய் மட்டும் மழையைப் பற்றியோ மகளின் கலியாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும்.

சால்வைக்குள் நடந்தது சால்வையோடு போக வேண்டும். வெளியே சொன்னவனோடு பிறகு யாரும் கை சேர்க்க மாட்டார்கள். வாப்பா கண்டிப்பாக இருந்தது தொழுகையில், அதற்கு அடுத்தது இதில்.

ஆண்களின் இந்த ரகசிய வித்தை பெண்களுக்குத் தெரியாது என்று ஆண்கள் நினைத்தார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போது விரல்கள் தாமாகவே அசைந்துகொண்டிருக்கும். நாங்கள் பார்த்துக் கற்றோம். மாமியார்களின் முன்னால், முழுகாமல் இருப்பது எத்தனை மாதம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள அது மிகவும் வசதி.

தலை உடையும் மட்டும்

வாப்பா மௌத்தான பிறகு வாடியை நானாவும் என் கணவரும் சேர்ந்து நடத்தினார்கள். நானாவின் பெயர் காசிம், என் கணவரின் பெயர் சாலிஹ். இருவரும் நல்ல மனிதர்கள். தனித்தனியாகப் பார்த்தால்.

அட்டையை மணலில் ஓர் இரவு புதைப்பதா, இரண்டு இரவு புதைப்பதா என்பதில்தான் தொடங்கியது. ஓர் இரவு என்றார் நானா. இரண்டு என்றார் இவர். ஒரு நாள் இவர் தன் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்திலேயே வேறு வாடி போட்டுவிட்டார். உம்மா நானாவோடு இருந்தார். நான் அதே தெருவில், நாலைந்து வீடு தள்ளி வாடகை வீட்டில் இருந்தேன்.

முக்குளிக்கிறவர்களைத் தன் பக்கம் இழுக்க நானா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார். இவர் தேத்தண்ணியோடு பாண் கொடுத்தார். நானா பாணுக்குச் சம்பல் வைத்தார். இவர் மீன் ஆணம் காய்ச்ச ஆள் வைத்தார். குறிஞ்சிப்பிட்டியிலிருந்து வந்த முக்குளிக்கிறவர் ஒருவர் அந்த வருஷம் உடம்பு பெருத்து, தண்ணீருக்குள் இறங்க முடியாமல் மிதந்தார் என்று சொல்வார்கள். நான் நேரில் பார்க்கவில்லை.

சீன முதலாளி வந்ததும் இருவரும் தட்டுகளில் அட்டையைப் பரப்பிக்கொண்டு அவரிடம் ஓடினார்கள். அவர் இரண்டு வாடிகளுக்கும் நடுவில் ஒரு பெட்டியின் மேல் குடையோடு உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார். குடையை மடக்கி வைத்துவிட்டு, இரண்டு முஷ்டிகளையும் ஒன்றோடொன்று முட்டிக் காட்டினார்.

“டா பங் தவ்” என்றார்.

என்ன என்று கேட்டதற்கு விளக்கமும் சொன்னார். “டா, அடி. பங், ஒடை. தவ், தலை. எங்கட ஊர்ல ஒரு கடை. பக்கத்துல ஒரு கடை. இவர் வெலை கொறைக்கிற, அவர் வெலை கொறைக்கிற. ஆக்கள் சிரிக்கிற. தலை ஒடையிற மட்டும் அடி. டா பங் தவ்.”

தன் லாபத்துக்கு விரோதமாக அந்த மனிதர் இலவசமாகக் கொடுத்த எச்சரிக்கை அது. பின்னாளில் அவரைத் திட்டியவர்களுக்கெல்லாம் இதை நான் சொல்லியிருக்கிறேன்.

இவர் வீட்டுக்கு வந்து, “சீனன் ஒன்ட நானாவப் பத்தி நல்ல ஒரு சொல் சொன்னான்” என்று சந்தோஷமாகச் சோறு தின்றார். நாலு வீடு தள்ளி, இவரைப் பற்றிச் சொன்னதாக நானாவும் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஊர் மட்டும் அந்தச் சொல்லைச் சரியாக எடுத்துக்கொண்டது. நல்ல தண்ணீர்க் கிணற்றில் வாளி மோதினாலும் டா பங் தவ். நோன்புக் கஞ்சிக்குக் கோப்பை நீட்டினாலும் டா பங் தவ். ஒரு பெண்ணை இரண்டு வீட்டார் கேட்டு வந்தபோது, பெண்ணின் வாப்பாவே அப்படித்தான் சொன்னார்.

பாங்கு யார் சொல்வது?

நான் உண்டானதும் அவர்களுக்கு அடிபட இன்னொரு பொருள் கிடைத்தது.

தலைப்பிள்ளை தாய் வீட்டில் பிறக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பிறந்ததும் வலது காதில், தொழுகைக்கு அழைக்கும் வாசகமான பாங்கு சொல்ல வேண்டும். அதைத் தகப்பன் சொல்வான். உம்மா இருந்தது நானா வீட்டில்.

நானா ஆளனுப்பினார். “தங்கச்சி வரட்டும். அவர் என்ட வாசல் மிதிக்கப்படாது.”

இவர் திருப்பி ஆளனுப்பினார். “எனக்கு வாசல் இல்லாத வீட்டுல என்ட புள்ள பொறக்காது. வேலிக்கு வெளிய நிண்டா பாங்கு சொல்ற?”

“மாமன் நான் சொல்லுவன். அதுவும் கூடும்” என்று மறுபடி நானா.

மாமன் சொல்லலாம் என்பதற்கு நானா மார்க்கம் படித்த ஓர் ஆலிமிடம் கேட்டு வைத்திருந்தார். தகப்பன் இருக்க மாமன் சொல்வது அழகல்ல என்பதற்கு இவர் இன்னோர் ஆலிமிடம் கேட்டு வைத்தார். புத்தளத்துக்கு வள்ளம் போய் வந்தபடி இருந்தது. நான் எப்படி இருக்கிறேன் என்று மட்டும் இருவரும் கேட்கவில்லை.

நான் பயந்துபோய் இருந்தேன். அந்தக் காலத்தில் தலைப்பிள்ளையோடு போனவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. எனக்கு உம்மா வேண்டும். உம்மா கோழிகளைக் கூப்பிடும் சத்தம் என் குசினிக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டே அழுவேன். வெங்காயம் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

துப்பட்டிக்குள்

இப்போது மையத்து வீட்டுக்கு வருவோம். மைனியின் கை என் கைக்குள் இருந்தது.

முதலில் வயிற்றைத் தொட்டார். எட்டு மாதம் என்று விரலால் சொன்னேன். என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தார். மைனிக்குப் பிள்ளை இல்லை. கலியாணமாகி அப்போதே பல வருஷம்.

பிறகு ஓதலுக்கு நடுவில், உதடு பிரியாமல் சொன்னார். “சீனன். மொதல் தரம். எங்கட ஆளுக்கு.” விரல்களைப் பிடித்து, நானாவுக்குச் சீன முதலாளி கொடுத்த விலையைச் சொன்னார்.

சீன முதலாளி இந்தப் பருவத்துக்கு வந்து சில நாட்களாகியிருந்தன. இவருக்குக் கிடைத்த விலையை நான் இவருடைய சோற்று விரல்களிலிருந்து ஏற்கெனவே படித்திருந்தேன். அதை மைனியின் கையில் சொன்னேன்.

இரண்டும் ஒன்றுதான். தனக்கு மட்டுமே அந்த விலை என்று இவர் மார்தட்டிக்கொண்டிருந்தார், அங்கே நானாவும் அதையே செய்துகொண்டிருந்தார். மைனி இன்னொரு முறை விரலைப் பிடித்தார். அது வாப்பாவின் கடைசி வருஷத்து விலை. மற்றவர்மேல் இருந்த ஆத்திரத்தில் இருவரும் தாமாகவே இறங்கி இறங்கி, அதில் பாதிக்கும் கீழே வந்திருந்தார்கள். சீன முதலாளி ஒன்றும் செய்யவில்லை, காத்திருந்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மையத்து வீட்டில் சிரிக்கக் கூடாதே என்று துப்பட்டியை முகத்தில் இழுத்துவிட்டேன். தோள் குலுங்கியதைப் பார்த்து, நான் அழுகிறேன் என்று ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். இறந்தவருக்கு அவ்வளவு நெருக்கமில்லாத நான் அழுவது அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் திருந்தவில்லை

உண்மை தெரிந்தால் இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்று மைனியும் நானும் நினைத்தோம். எங்களுக்கு அப்போது வயது குறைவு.

நான் இவரிடம் சொன்னேன். இவர் முதலில் கேட்டது, “யார் சொன்ன?” இரண்டாவதாகக் கேட்டது, “சால்வைக்குள்ள நடந்தத வெளியில சொல்றதா?” மூன்றாவதாக ஒன்றும் கேட்கவில்லை. விடிந்ததும் சீன முதலாளி தங்கியிருந்த வீட்டுக்குப் போய், நானாவை வெல்ல இன்னும் ஒரு விரல் இறங்கிவிட்டு வந்தார்.

அங்கே மைனி நானாவிடம் சொல்லியிருந்தார். நானா மத்தியானம் போய் இரண்டு விரல் இறங்கினார். சீன முதலாளி நெற்றியைத் தடவிக்கொண்டாராம்.

அன்று பின்னேரம் நான் என் உடுப்பைப் பெட்டியில் வைத்தேன்.

“எங்க போற?” என்றார் இவர்.

“உம்மாக்கிட்ட.”

“போனா நான் அங்க வரமாட்டன்.”

“வராட்டிப் பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினார் வந்து சொல்லட்டும். அவருக்கு ஒரு வாசலும் தடையில்ல” என்றேன்.

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நானா வாசலில் நின்று, தான் ஜெயித்துவிட்ட முகத்தோடு என் பெட்டியை வாங்கினார். மோதினாரைப் பற்றிச் சொன்னதை அவரிடமும் சொன்னேன். முகம் மாறியது.

உம்மா பாயை விரித்தார். நான் படுத்ததும் என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வெங்காயம் இல்லாமலே அழுதேன்.

குழந்தை காத்திருக்கவில்லை

நாள் வருவதற்கு முன்பே, ஒரு காலையில் வலி கண்டது. அன்று சீன முதலாளி இரண்டு வாடியிலும் சரக்குப் பார்க்கும் நாள். நானா ஒரு வாடியில், இவர் மற்ற வாடியில். ஆளனுப்பினோம். ஆனால் குழந்தை ஆள் திரும்பி வரும்வரை பொறுக்கவில்லை.

பெண் குழந்தை. சத்தம் இல்லை. கழுத்தில் கொடி சுற்றி நீலம் பாரித்திருந்தது. மருத்துவிச்சி கொடியை எடுத்துவிட்டு, தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார். ஒரு முனகல் வந்தது, அவ்வளவுதான்.

“பாங்கச் சொல்லுங்க. ஆம்புளைகள் வரும்வரைக்கும் நிக்காதீங்க. இது நிக்குமோ தெரியாது” என்றார் மருத்துவிச்சி.

உம்மா அழுதுகொண்டே என் தலையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை பெற்ற தீட்டோடு நான் சொல்லக் கூடாது. பெண் பாங்கு சொல்வது கூடுமா என்று கேட்க அந்த அறையில் ஆலிம் யாரும் இல்லை. இருந்த இரண்டு ஆலிம்களும் புத்தளத்தில் பத்திரமாக இருந்தார்கள்.

மரியம் மைனி கையைக் கழுவிக்கொண்டு வந்தார். முக்காட்டைச் சரிசெய்தார். குழந்தையை வாங்கி, வலது காதில் வாயை வைத்தார். பக்கத்தில் கிடந்த எனக்கே கேட்கவில்லை. உதடு அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் இடது காதில் இகாமத்தும் சொன்னார். அதன் பிறகும் பிள்ளையை இறக்கவில்லை. மார்போடு அணைத்து முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குழந்தை வீறிட்டு அழுதது.

முதலில் ஓடி வந்தது நானா. உம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். “பொம்புளப் புள்ள. சொகம். பாங்கு சொல்லியாச்சி மகன்.”

தான் இல்லாத நேரத்தில் இவர் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று நானாவுக்குத் தோன்றியது. முற்றத்துக் கதிரையில் போய் உட்கார்ந்தார்.

இவர் சற்றுப் பிந்தி வந்தார். வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். நானா தலையைத் தூக்காமல், “உள்ளுக்குப் போங்க மச்சான். ஒங்கட புள்ளதானே” என்றார். தோற்றவனுக்கு வாசலைக் காத்து என்ன பயன் என்ற தொனி.

இவர் உள்ளே வந்து பிள்ளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, “பாங்கு?” என்றார்.

“சொல்லியாச்சி” என்றேன்.

நானா சொல்லிவிட்டார் என்று இவர் எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. மைனி மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். இவர் வெளியே போய் மற்றக் கதிரையில் உட்கார்ந்தார்.

உம்மா இருவருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். ஒருவரிடம் ஒருவர் தோற்றுப்போன இரண்டு பேர், அரை மணி நேரமாக மிகுந்த மரியாதையோடு தேத்தண்ணி குடித்தார்கள். கடைசியில் நானாதான், “சீனன் எங்க ரெண்டு பேரையும் நல்லா ஏமாத்துறான் போல மச்சான்” என்றார். “ஓம்” என்றார் இவர். ஒரு வருஷத்துக்குப் பிறகு இவர் நானாவிடம் சொன்ன முதல் சொல் அது.

மறுநாள் இருவரும் ஒரே சால்வையோடு போனார்கள். சீன முதலாளி சந்தோஷப்பட்டார் என்று சொல்ல மாட்டேன். வாப்பாவின் விலையைக் கொடுத்தார், சரக்கைக் குறைத்து எடுத்தார். போகும்போது பிள்ளைக்கு ஒரு சிவப்புப் பட்டுத் துண்டு கொடுத்துவிட்டுப் போனார். சில வருஷத்தில் யுத்தம் வந்தது. அதன் பிறகு அவரைக் காணவில்லை.

இவர் சாகும்வரை, மகள் பிடிவாதம் பிடித்தால், “மாமன் பாங்கு சொன்ன புள்ள, அப்பிடித்தான் இருக்கும்” என்பார். நானாவோ, “வாப்பா பாங்கு சொன்ன புள்ள, வேற எப்பிடி இருக்கும்” என்பார். இருவரும் ஒரே இடத்தில் இருக்கும்போது, விட்டுக்கொடுத்தவரின் பெருந்தன்மையோடு அந்தப் பேச்சைத் தவிர்த்துவிடுவார்கள். நானும் மைனியும் குசினிக்குள் போய்விடுவோம்.

இருவரும் மௌத்தான பிறகு, ஒரு பெருநாள் பின்னேரம் மைனியும் நானும் தனியாக இருந்தோம். அன்றைக்குத்தான் கேட்டேன். “மைனி, பாங்கு சொன்னது நீங்கதான் எண்டு ஒருத்தருக்கும் தெரியாமலே போயிட்டுது. ஒங்களுக்கு மனசுல ஒண்டும் இல்லையா?”

மைனி வட்டிலாப்பத்தை ஒரு கரண்டி எடுத்துத் தின்றார்.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்” என்றார்.